எட்டு ஆண்டுகளில் லைனிங் பற்றி நான் கற்றுக்கொண்டவை: ஒரு திரைச்சீலை அனுபவம்

வீட்டின் ஜன்னல்களுக்குத் திரைச்சீலை தைத்து மாட்டி எட்டு ஆண்டுகள் முடிந்துவிட்டன. மேல்துணியின் நிறம், நெசவு, மடிப்பின் வகை என்று ஒவ்வொன்றையும் பல நாள் பார்த்துத் தேர்ந்தெடுத்த நான், மேல்துணிக்குப் பின்னால் கண்ணாடிப் பக்கமாக வரும் உள்துணியான லைனிங் என்ன வைக்கலாம் என்று தையல்காரர் கேட்டபோது, கூடத்து ஜன்னலுக்கு லைனிங்கே வேண்டாம், மற்ற எல்லாவற்றுக்கும் சாதாரண வெள்ளைப் பருத்தியை வைத்துவிடுங்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். இன்று அந்த ஜன்னல்களில் ஒன்றில்கூட அன்று வைத்த ஏற்பாடு அப்படியே இல்லை. மேல்துணியை அறைக்குப் பொருத்தமாகத் தேர்ந்தெடுக்கலாம். லைனிங்கையோ அந்த ஜன்னலில் விழும் வெயிலையும் ஈரத்தையும் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது.

கூடத்து ஜன்னல் மேற்கு பார்த்தது. அதற்குப் பட்டுத்துணி வாங்கியிருந்தேன். மாலை வெயில் அந்தத் துணியை ஊடுருவி வரும்போது கூடம் முழுவதும் பொன்னிறமாகிவிடும்; லைனிங் வைத்தால் அந்த அழகு போய்விடும் என்பதுதான் அன்றைய எண்ணம். இரண்டாம் ஆண்டில், மடிப்புகளில் கண்ணாடியை ஒட்டி நின்ற முகடுகள் மட்டும் கோடுகோடாக வெளுக்கத் தொடங்கின. மூன்றாம் ஆண்டில் ஒருநாள் தூசி தட்டுவதற்காகத் துணியை லேசாக உதறியபோது, அந்தக் கோடுகளில் ஒன்றின் வழியே மேலிருந்து கீழாக அது கிழிந்துவிட்டது. தையல் எங்கும் விட்டுப்போகவில்லை. இழையே வலுவிழந்து, விரலால் தேய்த்தால் பொடியும் நிலைக்கு வந்திருந்தது. பட்டு புரத இழை. புறஊதாக் கதிர்கள் அதைப் பருத்தியைவிட விரைவாகச் சிதைக்கும். ஜன்னல் கண்ணாடி வெயிலின் கடுமையைத் தடுத்துவிடும் என்று நம்பியிருந்தேன். சாதாரணக் கண்ணாடி புறஊதாக் கதிர்களில் ஒரு வகையைப் பெருமளவு தடுத்தாலும், நீண்ட அலைநீளமுள்ள மற்றொரு வகையில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடுகிறது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் சாயத்தை வெளுக்கச் செய்யும் என்பதால், கதிர்களைத் தடுத்தால் மட்டும் நிறம் நிலைத்துவிடாது.

அதே ஜன்னலில் பருத்தியும் லினனும் கலந்த மேல்துணிக்கு, நெருக்கமாக நெய்த பருத்தி சாட்டின் லைனிங் வைத்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. வெளுப்பைச் சோதிப்பதற்கு எளிய வழி ஒன்று உண்டு: கீழ் மடிப்பின் ஓரத்தைச் சற்றுப் பிரித்து, உள்ளே மடிந்து மறைந்திருக்கும் துணியின் நிறத்தை வெளியே தெரியும் நிறத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துவருகிறேன். இதுவரை வேறுபாடு தெரியவில்லை. லைனிங்கோ கண்ணாடிப் பக்கம் பழுப்பேறி, மடிப்பு முகடுகளில் மெலிந்துவிட்டது. மேல்துணி மேல் விழ வேண்டிய சேதத்தையெல்லாம் தன்மேல் வாங்கிக்கொள்வதற்காகவே அது அங்கே இருக்கிறது.

படுக்கையறையில் வேறு சிக்கல். வெள்ளைப் பருத்தி லைனிங் வெளிச்சத்தை மென்மையாக்கியதே தவிர, விடியற்காலையில் அறை முழுவதும் வெளிச்சமாகிவிடும். அதனால் பிளாக்அவுட் லைனிங்குக்கு மாறினேன். இதில் கவனிக்க வேண்டியவை பல. கடைகளில் அறையை மங்கலாக்கும் துணியும் முழு இருள் தரும் துணியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், இரண்டும் ஒன்றல்ல. பிளாக்அவுட் லைனிங் என்பது பெரும்பாலும் துணியின்மேல் அக்ரிலிக் நுரைப்பூச்சை அடுக்கடுக்காக ஏற்றியது. இரண்டு அடுக்குப் பூச்சில் முதலில் கறுப்பும் அதன்மேல் வெள்ளையும் வருவதால், துணியின் மறுபக்கத்தில் சாம்பல் சாயல் தெரியும். வெளிர்நிற மேல்துணிக்குப் பின்னால் வைத்தால் அந்தச் சாயல் நிறத்தை மங்கச் செய்யும். மூன்று அடுக்கில் கறுப்பு நடுவில் அடைபட்டுவிடுவதால் இரண்டு பக்கமும் வெண்மையாகவே இருக்கும். என் மேல்துணி வெளிர் நீலம் என்பதால் மூன்றடுக்கையே எடுத்தேன். இந்தத் தேர்வில் மட்டும் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் மாட்டிய முதல் காலையில், தையல் ஓடிய இடமெல்லாம் ஊசிமுனை அளவு வெளிச்சப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தன. பூச்சில் ஊசி போட்ட ஓட்டை நெய்த துணியில் போல மூடிக்கொள்வதில்லை. குண்டூசி குத்தினாலும் தையலைப் பிரித்தாலும் தடம் அப்படியே நிற்கும். ஆகவே தைக்கும்போது குண்டூசிக்குப் பதிலாக கிளிப் போட்டுப் பிடிக்கச் சொல்ல வேண்டும். நடுப்பகுதியில் தேவையற்ற தையல் எதுவும் வரக்கூடாது. இவ்வளவு செய்தும் அறை முழுதாக இருளவில்லை. வெளிச்சம் துணி வழியாக வரவில்லை, துணியைச் சுற்றி வந்தது: கம்பிக்கு மேலே ஒரு பட்டையாகவும், இரண்டு பக்கச் சுவர் ஓரமாகவும், நடுவில் இரு சீலைகளும் சந்திக்கும் இடத்திலும். பின்னர் ஜன்னல் சட்டத்தைவிடப் பக்கத்துக்குச் சுமார் 20 செ.மீ. அதிகமாக நீளும் கம்பி போட்டு, அதன் இரு முனைகளையும் சுவர் வரை வளைத்து, நடுவில் ஒரு சீலை மற்றதன்மேல் 8 செ.மீ. ஏறும்படி செய்தபின்தான் நான் எதிர்பார்த்த இருள் கிடைத்தது. இதையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளாமல் விலையுயர்ந்த லைனிங்கை மட்டும் வாங்குவது வீண் என்பது என் உறுதியான கருத்து. பிளாக்அவுட் லைனிங் கனமானது என்பதையும் சொல்ல வேண்டும். பழைய கம்பி ஆறே மாதத்தில் நடுவில் தொய்ந்துவிட்டதால், புதிய கம்பிக்கு நடுவிலும் ஒரு தாங்கி வைத்தேன்.

அந்த லைனிங்கின் முதல் ஜோடியைக் கெடுத்தது நான் செய்த தவறு. மற்றத் துணிகளோடு இயந்திரத்தில் போட்டு, உலர்த்தியின் சூட்டிலும் விட்டுவிட்டேன். பூச்சு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது; பிரித்தபோது பல இடங்களில் பெயர்ந்து வந்துவிட்டது. இப்போதைய ஜோடியைக் கழற்றி விரித்துவைத்து ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. மிகவும் தேவைப்பட்டால் வெதுவெதுப்பான நீரில் கையால் அலசி, முறுக்காமல் நிழலில் தொங்கவிடுகிறேன். இஸ்திரி போட நேர்ந்தால் பூச்சில்லாத பக்கத்தில், குறைந்த சூட்டில் மட்டுமே.

படிக்கும் அறையில் தவறு வேறு இடத்தில் நடந்தது. அங்கே பருத்தி லைனிங்கைத் துவைக்காமலேயே மேல்துணியோடு சேர்த்துத் தைத்துவிட்டார்கள். பருத்தி முதல் துவைப்பில் நூற்றுக்கு நான்கு பங்கு சுருங்கினாலும், 250 செ.மீ. நீளத்தில் அது 10 செ.மீ. ஆகிவிடும். மேல்துணி சுருங்காத வகை என்பதால், லைனிங் மேலே இழுத்துக்கொள்ள, கீழ் ஓரம் முழுவதும் சுருக்கம் விழுந்து பை போல உப்பிவிட்டது. லைனிங் துணியை வெட்டுவதற்கு முன்பே ஒருமுறை நனைத்து உலர்த்திவிட வேண்டும். அதோடு லைனிங்கின் கீழ் மடிப்பை மேல்துணியோடு சேர்க்காமல், அதைவிட 2 முதல் 3 செ.மீ. உயரத்தில் தனியாக மடித்துத் தைக்க வேண்டும். இரண்டும் தனித்தனியாகப் பறக்காமலிருக்க, பின்புறத்தில் இடைவெளி விட்டு மேலிருந்து கீழாகத் தொளதொளப்பான கைத்தையல் ஓட்டினால் போதும். இழுத்துத் தைத்தால் முன்பக்கத்தில் குழி விழும்.

இப்போது அந்த அறையில் கொக்கியில் மாட்டிக் கழற்றும் தனி லைனிங் இருக்கிறது. தனியே துவைக்கலாம், பருவத்துக்கு ஏற்ப மாற்றலாம் என்ற வசதி பெரியது. மேல்துணிக்கு வைக்கும் அளவு சுருக்கு இதற்குத் தேவையில்லை என்பதால் துணியும் மிச்சமாகும். ஆனால் சேர்த்துத் தைத்த லைனிங்கில் இரண்டு துணியும் ஒரே மடிப்பாக விழும் அழகு இதில் வராது. காற்றடித்தால் லைனிங் தனியே அசைவதும் தெரியும். படிக்கும் அறைக்கு இது போதும், கூடத்துக்கு இதை நான் வைக்கமாட்டேன்.

லைனிங்கின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது விளக்கு வெளிச்சத்தை நம்பக்கூடாது. மேல்துணியையும் லைனிங்கையும் சேர்த்துப் பிடித்துப் பகலில் ஜன்னல் முன் தூக்கிப் பார்க்க வேண்டும். பூப்போட்ட துணி ஒன்று கடையில் அடர்ந்த நிறமாக இருந்தது. ஜன்னலில் பின்னாலிருந்து வெளிச்சம் பட்டபோது அதன் பூக்களே தெரியவில்லை. நெருக்கமாக நெய்த லைனிங் வைத்தபின் அவை திரும்ப வந்தன.

குளிருக்கும் வெப்பத்துக்கும் லைனிங் உதவுமா என்று பலரும் கேட்கிறார்கள். உதவும், ஆனால் மேலும் கீழும் திறந்திருந்தால் சீலைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் காற்று சுழன்றுகொண்டே இருக்கும், பலன் பாதியாகிவிடும். வடக்குப் பக்க அறையில் மேல்துணிக்கும் லைனிங்குக்கும் இடையில் கம்பளி போன்ற பஞ்சுத்துணி ஒன்றை வைத்தேன். மடிப்புகள் பருத்து அழகாக விழுந்தன, அறைக்குள் எதிரொலியும் குறைந்தது; வெளிச் சத்தத்தை மட்டும் அது தடுக்கவில்லை. ஆனால் அந்த ஜன்னல் கண்ணாடியில் ஈரம் கோக்கும். அது தெரிந்தும் சீலையை நாள் முழுவதும் மூடிவைத்ததால், லைனிங்கின் கீழ் ஓரத்தில் கறுப்புப் பூஞ்சைப் புள்ளிகள் வந்துவிட்டன, துவைத்தும் போகவில்லை. அதன்பின் காலையில் சீலையை முழுதாக விலக்கி, கண்ணாடியைத் துடைத்துவிட்டுத்தான் மற்ற வேலை.

கூடத்துச் சீலையின் லைனிங்கை வரும் மாதம் மாற்றவிருக்கிறேன். அதே பருத்தி சாட்டினை வாங்கி, நனைத்து உலர்த்தி வைத்தாகிவிட்டது. மேற்கு வெயிலில் ஐந்து ஆண்டுகள் நின்ற பழைய லைனிங்கை மட்டும் பிரித்தெடுத்துவிட்டு, மேல்துணியை அப்படியே திரும்ப மாட்டப்போகிறேன்.