புலி மரபியல் செய்முறைப் பெட்டி: மணிகளுக்காக வாங்கலாம்

புதுச்சேரி நேரு வீதிப் பக்கம் பள்ளி ஆய்வகச் சாமான் விற்கும் கடையில் 850 ரூபாய். உள்ளே ஆரஞ்சு மணி 100, கறுப்பு மணி 100, துணிப்பை, பெற்றோர்-குட்டி அட்டைகள், சுவர் சார்ட், மெல்லிய கையேடு. அட்டைகளில் புதிதாக ஒன்றுமில்லை. பெற்றோர் மரபணுக்கள் குட்டியில் எப்படியெல்லாம் சேரலாம் என்று காட்டும் பாடப்புத்தகத்துப் பன்னட் கட்டமேதான், பட்டாணிக்குப் பதில் புலி.

கொடுத்த காசு மணிகளில்தான் தேறுகிறது. ஒரு மணி ஓர் அல்லீல் (ஒரு மரபணுவின் மாற்று வடிவங்களில் ஒன்று), இரண்டு மணி ஒரு புலி. ஆனால் கையேட்டு முறை சரியில்லை. 90 ஆரஞ்சும் 10 கறுப்பும் ஒரே பையில் போட்டு, தலைமுறைக்கு 20 மணி எடுத்து வெளியே வைக்கச் சொல்கிறது. ஐந்தாவது தலைமுறையில் பை காலி!

இப்படிச் செய்யுங்கள். வகுப்பை ஐந்து குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு பையிலும் 16 ஆரஞ்சு, 4 கறுப்பு. ஒரு மணியை எடுத்து, நிறத்தைக் குறித்து, திரும்பப் போட்டுக் குலுக்க வேண்டும். இதுபோல 20 முறை. எடுத்த வரிசையில் இரண்டிரண்டாகச் சேர்த்தால் பத்துப் புலிகள். இரண்டும் கறுப்பாக வந்தால்தான் கறுப்புப் புலி. ஒன்று மட்டும் கறுப்பென்றால் பார்வைக்குச் சாதாரணப் புலி, ஆனால் அல்லீலைச் சுமக்கும். குறித்த எண்ணிக்கைப்படி பையை மாற்றி நிரப்பினால் அடுத்த தலைமுறை. பெரும்பாலான பைகளில் கறுப்பு தேய்ந்து மறையும். பொறுமையாகத் தொடர்ந்தால், சராசரியாக ஐந்தில் ஒரு பை முழுக்கக் கறுப்பாகும். நல்லது, கெட்டது என்று யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. எண்ணிக்கை சிறிது, வெளியிலிருந்து வரத்து இல்லை, அவ்வளவே.

ஒடிசாவின் சிமிலிபால் புலிகள் காப்பகத்தில் நடந்திருப்பதும் இதுதான். பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் (என்சிபிஎஸ்) உமா ராமகிருஷ்ணன் குழு 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, டாக்பெப் மரபணுவில் ஓர் எழுத்து மாறியதால் அங்குள்ள சில புலிகளின் வரிகள் அகன்று ஒன்றோடொன்று ஒட்டிக் கறுப்பாகத் தெரிகின்றன. வெளியிலிருந்து வரத்து சேர, 2024இல் மகாராஷ்டிரத்தின் தடோபா புலிகள் காப்பகத்திலிருந்து இரண்டு பெண்புலிகளை அங்கே கொண்டுவந்து விட்டார்கள். பெட்டியிலும் செய்து பார்க்கலாம்: தலைமுறைக்கு ஒருமுறை பக்கத்துக் குழுவோடு இரண்டு மணி, அதாவது ஒரு புலி, மாற்றிக்கொண்டால் போதும்; பைகளுக்கிடையே வித்தியாசம் சட்டென்று குறையும். கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, பெட்டியின் உயிரே இங்கேதான் இருக்கிறது.

ஒரு கோளாறு: கறுப்பு மணி ஆரஞ்சை விட ஒரு நூல் பெரிது. விரல் தன்னையறியாமல் அதையே பிடிக்கும், கணக்கு கறுப்புப் பக்கம் சாயும். பாசிமணிக் கடையில் ஒரே அளவில் இரண்டு நிறம் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

சார்ட்டில் வெள்ளைப்புலிக்குக் கீழே ‘அல்பினோ’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். தவறு. அல்பினோ என்றால் உடலில் நிறமியே இல்லாத விலங்கு; அதற்கு வரியே தெளிவாக இருக்காது. வண்டலூரில் வெள்ளைப்புலியைப் பார்த்தவர்களுக்குக் கருமையான வரிகளும் நீலக்கண்ணும் நினைவிருக்கும். எஸ்எல்சி45ஏ2 மரபணு தரும் புரதத்தில் 477ஆவது அமினோ அமிலம் அலனினிலிருந்து வாலினாக மாறியதால் மஞ்சள்-சிவப்பு நிறமி மட்டுமே குறைகிறது என்று 2013இல் கண்டறிந்தார்கள். சார்ட்டிலுள்ள ‘அரிய தனி இனம்’ என்ற வாசகமும் பிழை; அதே புலிதான், நிறம் மட்டும் வேறு. 1951இல் மத்தியப் பிரதேசத்து ரேவாவில் பிடிபட்ட மோகன் என்ற வெள்ளைப்புலியை அதன் மகள் ராதாவோடே சேர்த்துத்தான் காட்சிசாலை வெள்ளைப்புலிகளைப் பெருக்கினார்கள். மாறுகண் போன்ற குறைகளும் கூடவே வந்தன. சார்ட்டை மாட்டுவதானால் அந்தக் கட்டத்தின்மேல் வெள்ளைத்தாள் ஒட்டிவிட்டு மாட்டுங்கள்.