மெமரி சிப் போட்டி: ஜப்பான் வழியா, கொரிய வழியா?

1980களின் பிற்பகுதியில் உலகம் வாங்கிய டிரேம் (DRAM) மெமரி சிப்களில், அதாவது கணினி வேலை செய்யும்போது தரவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் சிப்களில், பாதிக்கு மேல் ஜப்பானியருடையவை. இன்டெல்லே தாக்குப்பிடிக்க முடியாமல் 1985-இல் டிரேமைக் கைவிட்டது. சாம்சங் அப்போது கற்றுக்குட்டி. அமெரிக்காவின் மைக்ரான் நிறுவனத்திடம் வடிவமைப்பு உரிமம் வாங்கித்தான் 1983-இல் 64கே சிப்பைச் செய்தது. ஆனால் 2012-இல் திவாலானது ஜப்பானின் கடைசிப் பெரிய டிரேம் நிறுவனமான எல்பிடா. அடுத்த ஆண்டு மைக்ரான் அதை வாங்கிக்கொண்டது.

ஜப்பானியருக்குத் திறமை குறையவில்லை. முடிவெடுக்கும் விதம்தான் காலை வாரியது. அங்கே முதலீட்டுத் திட்டம் என்றால் கோப்பு மேசை மேசையாக ஏறும். ஒவ்வொருவரும் முத்திரை குத்த வேண்டும். எல்லோரும் ஒத்துக்கொண்டபின் வேலை பிசகாமல் நடக்கும் என்பது இதன் பெரிய பலம். மெமரி சந்தையோ சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தலைகுப்புற விழும். புது ஆலைக்குப் பணம் போட வேண்டியதும் அப்போதுதான். கட்டி முடிப்பதற்குள் விலை மறுபடி ஏறத் தொடங்கியிருக்கும். நஷ்ட காலத்தில் அப்படியொரு கோப்பு வந்தால் யார் துணிந்து முத்திரை குத்துவார்? அதிலும் சிப் செய்த ஜப்பானிய நிறுவனங்களில் ஒன்றான ஹிட்டாச்சி ரயிலும் செய்தது, மின்நிலைய இயந்திரமும் செய்தது. சிப் அதற்குப் பத்தோடு பதினொன்றாக இருந்தது.

சாம்சங்கில் நிறுவனர் லீ பியுங்-சுல் சொன்னால் முடிந்தது. ஆரம்ப ஆண்டுகளில் நஷ்டம் குவிந்தபோதும் அடுத்த தலைமுறை சிப்புக்கு முதலீட்டை நிறுத்தவில்லை. மகன் லீ குன்-ஹீயும் அதே வழி.

தரத்திலும் இரு நாட்டுக்கும் கணக்கு வேறு. பெருங்கணினிகளுக்குச் செய்து பழகிய ஜப்பானியர், பல்லாண்டு உழைக்கும் சிப் செய்தார்கள். சில வருடங்களில் தூக்கிப்போடும் பிசிக்கு அது எதற்கு? போதுமான தரத்தில் மலிவாகக் கொடுத்தது கொரியா.

சரி, எல்லாப் பழியையும் பண்பாட்டின் தலையில் கட்ட முடியாது. 1985-க்குப் பின் யென் மதிப்பு எகிறியதால் ஜப்பான் சரக்கு வெளிநாட்டில் விலை கூடியது. 1986-இல் அமெரிக்காவுடன் போட்ட சிப் ஒப்பந்தம், ஜப்பானியர் மலிவாக விற்க முடியாதபடி கடிவாளம் போட்டது. கொரியாவுக்கு அது திறந்த கதவு.

முதலாளி சொல்லே சட்டம் என்பதற்கும் விலை உண்டு. பேரன் லீ ஜே-யோங் லஞ்ச வழக்கில் சிறைக்குப் போனார். 2022-இல் அரசு மன்னிப்பு கொடுத்தது. இப்படிப்பட்ட ஒரு குடும்பத்தை நம்பி ஒரு தொழிலே நிற்பது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது.

மெமரிக்குக் கொரிய வழிதான் பொருந்தியது என்பேன். சிப் செய்யத் தேவையான ரசாயனங்களில் கதை தலைகீழ். அங்கே பல வருடம் ஒரே பொருளைத் துளித்துளியாகத் தூய்மைப்படுத்தும் பொறுமைதான் சரக்கு. 2019 ஜூலையில் ஃபோட்டோரெசிஸ்ட், ஹைட்ரஜன் ஃபுளோரைடு உட்பட மூன்று பொருள்களைக் கொரியாவுக்கு அனுப்ப ஜப்பான் கெடுபிடி செய்தது. சில நாட்களிலேயே லீ ஜே-யோங் தானே டோக்கியோவுக்கு விமானம் ஏறினார்.