உயர்விலை கேமிங் கன்சோல்: வித்தியாசத்தை யார் கட்டுவது?

ஒரு நிறுவனம் தன் புதிய கேமிங் கன்சோலை உயர்ந்த விலைக்கு வெளியிட முடிவெடுக்கும்போது, அடக்க விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே விழும் இடைவெளியை யாரிடமிருந்து, எத்தனை ஆண்டுகளில், எந்த வழியில் ஈடுகட்டுவது என்ற கேள்விக்கும் சேர்த்தே விடை சொல்லியாக வேண்டும். கடந்த முப்பது ஆண்டுகளில் இதற்குக் கிடைத்த விடைகள் ஒன்றுக்கொன்று நேரெதிரானவை. அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். வேலூரிலும் காட்பாடியிலும் இந்தப் பெட்டிகளை வாங்கும் இளைஞர்களின் பணப்பையில் அந்த விடைகள் எப்படி வந்து முடிகின்றன என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் தொழிலை அறிந்தவர்களுக்குக் கன்சோல் வணிகம் முதல் பார்வையில் விளங்காது. ஒரு ஜோடி ஷூவைத் தெரிந்தே அடக்க விலைக்குக் கீழே விற்று எவரும் தொழில் நடத்த முடியாது. ஏனென்றால், ஷூ வாங்கியவர் அதன் பிறகு அந்த நிறுவனத்துக்கு மாதந்தோறும் பணம் கட்டப்போவதில்லை. கன்சோல் வாங்கியவர் கட்டுகிறார். அவர் ஆன்லைன் ஸ்டோரில் வாங்கும் ஒவ்வொரு கேமின் விலையிலும் ஏறத்தாழ 30 சதவீதம் கன்சோல் நிறுவனத்துக்குப் போகிறது. பிறரோடு சேர்ந்து ஆன்லைனில் ஆடுவதற்கான சந்தா தனி. எக்ஸ்பாக்ஸ் கன்சோலை விற்பதில் மைக்ரோசாஃப்ட் ஒருபோதும் லாபம் பார்த்ததில்லை என்று அதன் அதிகாரி லோரி ரைட் 2021-இல் எபிக் கேம்ஸ், ஆப்பிள் நிறுவனங்களுக்கு இடையிலான வழக்கில் சாட்சியம் அளித்தார். ஒவ்வொரு பெட்டிக்கும் 100 முதல் 200 டாலர் வரை தாங்கள் கைப்பணம் போடுவதாக அப்போதைய எக்ஸ்பாக்ஸ் தலைவர் ஃபில் ஸ்பென்சர் 2022-இல் கூறினார். 70 டாலர் கேம் ஒன்றில் 30 சதவீதம் என்பது 21 டாலர். ஆக, 100 டாலர் நட்டத்தை மீட்க ஒரு வாடிக்கையாளர் ஐந்து கேம்களையும், 200 டாலரை மீட்கப் பத்துக் கேம்களையும் புதிதாக வாங்க வேண்டும். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் பிற எல்லாம் தெளிவாகும்.

இந்தக் கணக்கையே ஏற்க மறுத்த ஒரு முயற்சியை முதலில் சொல்லிவிடலாம். எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய ட்ரிப் ஹாக்கின்ஸ் வகுத்த 3டிஓ என்ற கன்சோல் திட்டத்தில், கன்சோலைத் தயாரிக்கும் உரிமம் பானசோனிக் போன்ற நிறுவனங்களுக்கு வழங்கப்பட்டது. கேம் தயாரிப்பவர்களிடம் டிஸ்க் ஒன்றுக்கு 3 டாலர் மட்டுமே உரிமத்தொகை பெறப்பட்டது. கேம் தயாரிப்பாளர்களுக்கு அது மிகப் பெரிய சலுகை. ஆனால் பெட்டியைத் தயாரித்த நிறுவனத்துக்கு கேம் விற்பனையில் பங்கில்லாததால், பெட்டியிலேயே லாபம் பார்த்தாக வேண்டிய கட்டாயம் வந்தது. அதனால் 1993-இல் அமெரிக்காவில் அதன் விலை 699 டாலராக இருந்தது. வித்தியாசத்தை வாங்குபவர் முதல் நாளே முழுமையாகக் கட்ட வேண்டும் என்ற ஏற்பாடு அது. சில ஆண்டுகளிலேயே கதை முடிந்துவிட்டது.

சோனியின் பிளேஸ்டேஷன் 3 அதற்கு நேரெதிர்த் திசையில் போனது. விரிவாகப் பார்க்கத் தகுந்ததும் அதுதான். 2006 நவம்பரில் வெளிவந்தபோது 20 ஜிபி மாடலின் விலை 499 டாலர், 60 ஜிபி மாடலின் விலை 599 டாலர். ஐசப்ளை என்ற ஆய்வு நிறுவனம் பெட்டியைப் பிரித்துப் பாகங்களை விலை போட்டுப் பார்த்து, 60 ஜிபி மாடலின் அடக்கம் சுமார் 840 டாலர் என மதிப்பிட்டது. அதாவது, வாடிக்கையாளருக்கு மிக அதிகமாகத் தோன்றிய அந்த விலையிலும் ஒவ்வொரு பெட்டிக்கும் 240 டாலர் அளவில் சோனிக்கு நட்டம். ஐபிஎம், டோஷிபா ஆகியவற்றோடு சேர்ந்து உருவாக்கிய செல் பிராசசரும், அப்போது புதிதாயிருந்த திரைப்பட டிஸ்க் வடிவமான புளூ-ரேயை ஓட்டும் டிரைவும் இந்தச் செலவின் பெரும்பகுதி. பிளேஸ்டேஷன் 2 ஒரு டிவிடி பிளேயராகவும் பயன்பட்டதால் வீட்டுக்கு வீடு நுழைந்தது. அதே வித்தையைப் புளூ-ரேயிலும் காட்டலாம் என்று சோனி கருதியது. இதை வாங்குவதற்காக மக்கள் கூடுதல் நேரம் வேலை செய்ய விரும்ப வேண்டும் என்ற பொருளில் அன்றைய பிளேஸ்டேஷன் தலைவர் கென் குட்டராகி பேசியது, அந்த நம்பிக்கையின் உச்சம்.

அந்த வியூகம் தோற்றதா, வென்றதா என்பதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. 2006 நிதியாண்டில் சோனியின் கேம் பிரிவு சுமார் 23,200 கோடி யென் இயக்க நட்டம் கண்டது. ஓராண்டு முன்னதாக 299, 399 டாலர் விலைகளில் வந்த எக்ஸ்பாக்ஸ் 360 அமெரிக்காவில் வேரூன்றிவிட்டது. 249 டாலர் விலையில் வந்த நின்டெண்டோ வீ, கேமே ஆடாத குடும்பங்களையும் இழுத்து, இறுதியில் 10 கோடிக்கும் மேல் விற்றது. மறுபுறம், 2008 பிப்ரவரியில் டோஷிபா, புளூ-ரேக்குப் போட்டியாக இருந்த தன் ஹெச்டி டிவிடி வடிவத்தைக் கைவிட்டது. அந்தப் போரில் புளூ-ரே வென்றதற்கு பிளேஸ்டேஷன் 3 வீடுகளில் ஏற்கெனவே இருந்தது ஒரு முக்கியக் காரணம். 2009-இல் 299 டாலர் விலையில் ஸ்லிம் மாடல் வந்த பிறகே கன்சோலின் விற்பனையும் நிமிர்ந்து, கடைசியில் 8 கோடியே 70 லட்சத்தைத் தாண்டியது. கேம் வாங்க வந்தவரின் தலையில் சோனி ஒரு திரைப்பட டிஸ்க் வடிவத்தின் போர்ச் செலவையும் சேர்த்து ஏற்றியது என்பதே என் குற்றச்சாட்டு. வாடிக்கையாளர் கேட்காத ஒரு பாகத்துக்காக விலை உயரும்போது, அது எத்தனை உயர்தரமான பாகமாக இருந்தாலும், வாங்குபவர் அதை உயர்தரமாகப் பார்ப்பதில்லை, சுமையாகவே பார்க்கிறார்.

முந்திக்கொண்டு வந்ததற்கு மைக்ரோசாஃப்ட்டும் விலை கொடுத்தது என்பதை நியாயத்துக்காகச் சொல்ல வேண்டும். எக்ஸ்பாக்ஸ் 360-இல் சிவப்பு வளையம் எரிந்து பெட்டி செயலிழந்த கோளாறுக்காக, வாரண்டியை நீட்டிக்க அது 2007-இல் 100 கோடி டாலருக்கும் மேல் ஒதுக்க நேர்ந்தது.

2013-இல் பாத்திரங்கள் இடம் மாறின. இம்முறை மைக்ரோசாஃப்ட், கேட்காத பாகமான, ஆடுபவரின் உடலசைவைப் படிக்கும் கினெக்ட் கேமராவைக் கட்டாயமாகச் சேர்த்து எக்ஸ்பாக்ஸ் ஒன்னை 499 டாலருக்கு வைத்தது. சோனி பிளேஸ்டேஷன் 4-ஐ 399 டாலருக்கு வைத்தது. அந்த 100 டாலரைவிடப் பெரிய தவறு ஒன்றும் அதில் இருந்தது. பழைய டிஸ்குகளைக் கைமாற்றுவதற்குக் கட்டுப்பாடு, 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தோடு இணைந்தே ஆக வேண்டிய நிபந்தனை ஆகியவற்றை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. எழுந்த எதிர்ப்பில் அதே மாதத்திலேயே இரண்டையும் திரும்பப் பெற்றது. மறு ஆண்டு கினெக்ட் இல்லாத மாடலையும் 399 டாலருக்கு இறக்கியது. ஆனாலும் அந்தத் தலைமுறைக் கன்சோல்களின் போட்டியில் சோனியிடம் தோற்றது. பிளேஸ்டேஷன் 4 மொத்தம் 11 கோடியே 70 லட்சம் விற்றது. டிஸ்கை நண்பரிடம் கைமாற்றும் உரிமை ஒரு கன்சோலின் விலையைவிடக் கனமானது என்பது அன்று எல்லோர் கண்ணிலும் பட்டது.

இந்தத் தோல்வியிலிருந்து மைக்ரோசாஃப்ட் கற்றுக்கொண்டது இரட்டைப் பெட்டி வியூகம். 2020 நவம்பர் 10 அன்று 499 டாலருக்கு சீரிஸ் எக்ஸ், 299 டாலருக்கு டிஸ்க் டிரைவ் இல்லாத சீரிஸ் எஸ் என இரண்டும் ஒரே நாளில் வந்தன. இந்தியாவிலும் அதே நாளில் 49,990 ரூபாய்க்கும் 34,990 ரூபாய்க்கும் கிடைத்தன. பிளேஸ்டேஷன் 5 இங்கே வந்தது 2021 பிப்ரவரி 2-இல், 49,990 ரூபாய்க்கு. உயர்விலைப் பெட்டி நிறுவனத்தின் கௌரவத்தைக் காக்க, குறைவிலைப் பெட்டி ஆள் சேர்க்கும் என்பதே ஏற்பாடு. இடைவெளியை, மாதக் கட்டணத்துக்குப் பல கேம்களை ஆடத் தரும் கேம் பாஸ் சந்தா நிரப்பும் என்பது கணக்கு. காகிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வியூகம் இதுதான். நடைமுறையில் அதற்கு ஒரு பலவீனம் உண்டு: ஒரு கேம் இரண்டு பெட்டிகளிலும் ஓடியாக வேண்டும் என்ற விதியால், சிறிய பெட்டியின் எல்லை பெரிய பெட்டிக்கும் எல்லையாகிவிடுகிறது. 2023-இல் பால்டர்ஸ் கேட் 3 என்ற கேம் பிளேஸ்டேஷன் 5-இல் செப்டம்பரில் வெளியாக, சீரிஸ் எஸ் பெட்டியில் திரையைப் பிரித்து இருவர் ஆடும் வசதி சரிவராததால் எக்ஸ்பாக்ஸுக்கு டிசம்பரில்தான் வந்தது. முழு விலை கொடுத்து சீரிஸ் எக்ஸ் வாங்கியவரும் அதற்காகக் காத்திருக்க நேர்ந்தது. உயர்விலை என்பதன் பொருளே அங்கு அடிபட்டுப்போகிறது.

சோனி தேர்ந்த வழி, உயர்விலையைத் தலைமுறையின் பிறப்பில் வைக்காமல் நடுவில் வைப்பது. 2016-இல் 399 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 4 புரோ அதன் தொடக்கம்; 2017-இல் மைக்ரோசாஃப்ட்டும் 499 டாலரில் எக்ஸ்பாக்ஸ் ஒன் எக்ஸ் வழியாக அதே வழியில் ஒருமுறை நடந்தது. 2024 நவம்பர் 7-இல் வந்த பிளேஸ்டேஷன் 5 புரோவின் விலை 699.99 டாலர். படத்தின் துல்லியத்தையும் ஓட்டத்தின் வேகத்தையும் எதிரெதிர் தேர்வுகளாக வைத்தபோது, ஆடுபவர்கள் நான்கில் மூன்று முறை வேகத்தையே தேர்கிறார்கள் என்றும், இரண்டையும் ஒன்றாகத் தருவதே புரோவின் நோக்கம் என்றும் அதன் வடிவமைப்பாளர் மார்க் செர்னி விளக்கினார். வணிக நோக்கில் இது மிகவும் பாதுகாப்பான வியூகம். கேம்கள் ஏற்கெனவே உள்ளன. வாடிக்கையாளர்கள் ஏற்கெனவே உள்ளனர். அவர்களில் வசதியுள்ள ஒரு சிறு பகுதி மட்டும் கூடுதல் பணம் கொடுத்தால் போதும். பெட்டியை நட்டத்துக்கு விற்க வேண்டிய தேவையே இல்லை. 3டிஓ செய்ய முடியாததை, அதே 699 டாலர் விலையில் சோனி முப்பது ஆண்டுகள் கழித்துச் செய்ததன் ரகசியம், அது நேரம் பார்த்துச் செய்ததுதான்.

ஆனால் அந்த 699 டாலர் பெட்டியில் டிஸ்க் டிரைவ் இல்லை. வேண்டுமானால் தனியாக 79.99 டாலர் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். என் மறுப்பு இங்கிருந்து தொடங்குகிறது.

வேலூரில் கன்சோல் வைத்திருப்பவர்கள் அதை எப்படிக் கட்டுப்படியாக்குகிறார்கள் என்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். சோனியின் புதிய பெரிய கேம் ஒன்றின் இந்திய விலை 4,999 ரூபாய். பத்துக் கேம் வாங்கினால் கன்சோலின் விலையையே தொட்டுவிடும். அதனால் இங்கே டிஸ்க் கைமாறிக்கொண்டே இருக்கிறது. பழைய டிஸ்க் எடுக்கும் சிறு கடையில் கடைக்காரர் அதை உறையிலிருந்து எடுத்து, ட்யூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்து, அடிப்பக்கத்தில் கீறல் எங்கே ஓடுகிறது என்று பார்ப்பார். ஓரத்தில் மெல்லிய கோடு என்றால் பேசாமல் எடுத்துக்கொள்வார், வளையமாகச் சுற்றிய கீறல் என்றால் ஓட்டிக் காட்டச் சொல்வார். விலை பேசி முடிந்ததும், அதே ரேக்கிலிருந்து வேறொரு டிஸ்கை எடுத்து, வித்தியாசத்தை மட்டும் வாங்கிக்கொள்வார். காட்பாடியில் அறையெடுத்துத் தங்கும் மாணவர்களிடையே கடையே தேவையில்லை. நான்கு பேர் ஆளுக்கொரு கேம் வாங்கி, தேர்வு முடிந்த விடுமுறைக்குள் நால்வரும் நான்கையும் ஆடி முடிக்கிறார்கள்.

கன்சோல் நிறுவனத்தின் பார்வையில் இந்தக் கைமாற்றம் ஒரு கசிவு. இரண்டாவது ஆள் கொடுக்கும் பணத்தில் அதற்குப் பங்கில்லை. முதலில் சொன்ன ஐந்து கேம், பத்துக் கேம் கணக்கு இங்கேதான் உடைகிறது. டிரைவை எடுத்துவிட்டால் கசிவு அடைபடும்; வாங்குபவர் அனைவரும் ஒரே ஸ்டோருக்குத்தான் வந்தாக வேண்டும். அந்தத் தர்க்கம் எனக்குப் புரிகிறது. ஆயினும், நட்டத்துக்கு விற்கும் நிறுவனம் அதைச் செய்தால் அதில் ஒரு நியாயமாவது இருக்கும். மிக உயர்ந்த விலையை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, கைமாற்றும் உரிமையையும் சேர்த்து எடுத்துக்கொள்வது இரு பக்கமும் வசூலிப்பதாகும். அமெரிக்காவில் அந்த இழப்பு பலருக்கு ஒரு பொருட்டாக இல்லாமல் போகலாம். வேலூரில் அதுதான் கன்சோல் வாங்கலாமா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கிறது.

புரோ 2024-இல் இந்தியாவுக்கு வராமல் போனதற்குக் காரணம் இதுவன்று. அதிலுள்ள வை-ஃபை 7 பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இங்கே அப்போது அனுமதி இல்லாததால் வெளியிடவில்லை என்று சோனி விளக்கம் தந்தது. விலையும் ஓரிடத்தில் நிற்கவில்லை: 2025-இல் அமெரிக்காவில் புரோ 749.99 டாலராகவும், சீரிஸ் எக்ஸ் 649.99 டாலராகவும் ஏறின. முன்பெல்லாம் ஒரு கன்சோலின் வயது கூடக் கூட விலை இறங்கும். காத்திருந்து வாங்குவோருக்கு அது ஒரு வாசலாக இருந்தது. பிளேஸ்டேஷன் 3-ஐக் காப்பாற்றியதே அந்த இறக்கம்தான். அந்த வாசல் மூடிக்கொள்ளும் காலத்தில், பழைய டிஸ்க் சந்தையின் மதிப்பு இன்னும் கூடுகிறது.

எனவே, இந்தியாவில் அடுத்த உயர்விலைக் கன்சோலை இறக்க நினைக்கும் நிறுவனத்துக்கு நான் பரிந்துரைப்பது, சோனியின் காலத்தேர்வையும் மைக்ரோசாஃப்ட்டின் இரட்டைப் பெட்டியையும் சேர்த்த ஒரு கலப்பு: முதலில் டிரைவுள்ள நடுத்தர விலைப் பெட்டி, மூன்று நான்கு ஆண்டு கழித்து அதே டிரைவோடு கூடிய உயர்விலைப் பெட்டி. டிரைவை நீக்கிய மலிவுப் பெட்டி ஒன்று இருந்தால் இருக்கட்டும். அதை வாங்குபவர் தெரிந்தே அந்தப் பேரத்துக்கு ஒப்புகிறார்.

2024 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் 5 ஸ்லிம் இங்கே வந்தபோது, டிஸ்க் மாடல் 54,990 ரூபாய், டிரைவ் இல்லாத டிஜிட்டல் மாடல் 44,990 ரூபாய். இடைவெளி 10,000 ரூபாய். 4,999 ரூபாய் டிஸ்கை ஆடி முடித்துப் பாதி விலைக்குக் கொடுத்தாலும், நான்காவது டிஸ்க் கைமாறும்போது அந்தப் பத்தாயிரம் திரும்பிவிடுகிறது. ஐந்தாவதிலிருந்து வருவதெல்லாம் வாங்கியவரின் பணம்.