பால்கோவா: வீட்டில் கிண்டுவதா, கடையில் வாங்குவதா?

இந்தத் தீபாவளிக்குப் பால்கோவாவை வீட்டிலேயே கிண்டினோம், இனிமேலும் அப்படித்தான். கடைப் பால்கோவா சாப்பிட வேண்டும் என்றால் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகும்போது அங்கேயே வாங்கி அங்கேயே சாப்பிடுவது, அவ்வளவுதான். மற்ற ஊர்களில் அதே பெயர் போட்ட பெட்டியை வாங்குவதை நிறுத்தியாயிற்று.

வீட்டில் செய்தால் சுத்தம், கடையில் வாங்கினால் நேரம் மிச்சம் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். விலையை வைத்தும் பெரிதாக முடிவு செய்ய முடியாது. ஆவின் ஆரஞ்சு பாக்கெட் ஒரு லிட்டரை 100 கிராம் சர்க்கரையோடு சுண்ட வைத்தால் சுமார் 300 கிராம் கிடைக்கும். பால், சர்க்கரை, கேஸ் எல்லாம் சேர்த்தால் நல்ல கடை விலையை ஒட்டி வரும், கொஞ்சம் குறையலாம். அடுப்பு முன்னால் நிற்கும் நேரத்துக்குக் கூலி போட்டுப் பார்த்தால் கடைதான் மலிவு. ஆகவே காசுக்காக வீட்டில் கிண்டாதீர்கள்.

எனக்கு விஷயத்தை முடித்துவைத்தது ஒன்றே ஒன்று: அடுப்பிலிருந்து இறக்கி எத்தனை நாள் ஆனது என்பது. அல்வா, மைசூர்பாகு மாதிரி இல்லை பால்கோவா. அவற்றில் பாகும் நெய்யும் சேர்ந்து நாலைந்து நாளானாலும் ருசியைப் பிடித்து வைத்திருக்கும், சில அல்வாவுக்கு மறுநாள்தான் ருசியே கூடும். பால்கோவாவில் இருப்பது பாலும் சர்க்கரையும்தான், அதிலும் நல்ல பால்கோவாவில் ஈரம் கணிசமாக இருக்கும், அந்த ஈரம்தான் அதன் மென்மை. ஈரம் இருந்தால் சீக்கிரம் கெடும். கெடாமல் பல நாள் நிற்க வேண்டும் என்றால் வழி இரண்டுதான். ஒன்று, இன்னும் இறுகச் சுண்டி ஈரத்தைக் குறைக்க வேண்டும். இல்லையென்றால் சர்க்கரையைக் கூட்ட வேண்டும், சர்க்கரை இருக்கிற தண்ணீரைத் தன்னோடு பிடித்துக்கொண்டு கிருமிக்குக் கிடைக்காமல் செய்துவிடும். தூரத்து ஊருக்கு லாரி ஏறிப்போய் கடை அலமாரியில் காத்திருக்க வேண்டிய சரக்குக்கு இந்த இரண்டில் ஒன்றையாவது செய்துதான் ஆக வேண்டும். நெடுஞ்சாலைக் கடைகளிலும் பேருந்து நிலையங்களிலும் வாங்கும் பால்கோவா பெரும்பாலும் திகட்டுவதும், விண்டால் பொடிப்பொடியாக உதிர்வதும் இதனால்தான். அவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை, பண்டத்தின் இயல்பு அப்படி. (மாவு கலந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால் ஒரு துண்டை வெந்நீரில் கரைத்து, ஆறியபின் ஒரு சொட்டு டிங்சர் அயோடின் விடுங்கள். நீலமானால் ஸ்டார்ச் இருக்கிறது.)

ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே வாங்குவது வேறு கதை, அதை வீட்டுப் பால்கோவா ஜெயிக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம் அது, சும்மா கொடுத்துவிடவில்லை. சுற்று வட்டாரத்துப் பசும்பால், அகலமான வாணலி, பத்து லிட்டர் பாலுக்கு ஒன்றேகால் கிலோ சர்க்கரை என்று ஒரு கணக்கு, முந்திரிக் கொட்டைத் தோடு போட்டு எரிக்கிற அடுப்பு. அந்த அனலும் அந்த வாணலியும் நம் கேஸ் அடுப்பில் வராது. ஆண்டாள் கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் "இன்னைக்குக் கிண்டுனதா?" என்று கேட்டு, இன்னும் சூடு ஆறாததாக நூறு கிராம் வாங்கி இலைத் துண்டில் வைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். அதே கடைச் சரக்கை ஊருக்குக் கொண்டுவந்து நாலு நாள் கழித்துச் சாப்பிட்டால் பாதி ருசிதான் இருக்கும்.

அப்படியானால் அன்றைக்குக் கிண்டியது நம் ஊரில் எங்கே கிடைக்கும்? நம் அடுப்பில்தான். வீட்டுப் பால்கோவாவுக்கு நான் சாய்வது இதற்காகவே. அடி கனமான அகல வாணலி வேண்டும், இரும்போ உருளியோ எதுவானாலும் சரி. குறுகலான குக்கரில் வைத்தால் நேரம் இரட்டிப்பாகும். பால் பொங்கி அடங்கியபின் மிதமான தீ, கரண்டியை விட அகலமான தோசைத் திருப்பி வசதி, அடியைச் சுரண்டிக்கொண்டே இருக்கலாம். ஓரத்தில் ஒட்டும் ஏட்டை அவ்வப்போது வழித்து உள்ளே தள்ள வேண்டும், வாயில் தட்டுப்படுகிற அந்த மெல்லிய திரிதிரியான பதம் அந்த ஏட்டிலிருந்து வருவது. பால் பாதிக்கும் கீழே போனதும் சர்க்கரை. போட்டவுடன் மறுபடி இளகும், பயப்பட வேண்டாம். அப்புறம் கொதி பெரிய பெரிய குமிழாக டப் டப் என்று வெடிக்கத் தொடங்கும், திருப்பியால் நடுவில் ஒரு கோடு இழுத்தால் வாணலியின் அடி தெரிந்து மெதுவாக மூடிக்கொள்ளும். அந்தக் கோடு மூடாமல் நிற்பதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அடுப்பை அணைத்துவிட வேண்டும், ஏனென்றால் ஆறும்போது இன்னும் இறுகும். ஒரு லிட்டருக்கு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும்.

பால் எது என்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆரஞ்சு பாக்கெட்டில் கொழுப்பு 6 சதவீதம், பச்சையில் 4.5, நீலத்தில் 3. நீலத்தில் கிண்டினால் அளவும் குறையும், பால்கோவாவும் ரப்பர் மாதிரி இழுக்கும். ஹோமோஜினைஸ்டு (கொழுப்பு தனியே மிதக்காதபடி பாலிலேயே நுணுக்கிக் கலந்தது) என்று போட்ட பாலானால் மேலே நெய் கசியும் மினுமினுப்பு குறைவாக இருக்கும், ருசியில் குறை இல்லை. கறந்த பசும்பால் கிடைக்கிறவர்கள் யோசிக்கவே வேண்டாம். எருமைப் பாலில் கிண்டிய அனுபவம் எனக்குக் குறைவு, கெட்டியாகவும் வெள்ளையாகவும் சீக்கிரமே திரண்டது, அதற்கு மேல் அழுத்திச் சொல்ல மாட்டேன். கண்டென்ஸ்டு மில்க்கும் பால் பவுடரும் கலந்து மைக்ரோவேவில் பத்து நிமிடத்தில் செய்வதும் உண்டு. அவசரத்துக்கு ஆகும், ஆனால் அதில் டின் பாலின் இனிப்புதான் முன்னால் நிற்கும், சுண்டிய பாலின் வாசனை வராது.

வீட்டுப் பால்கோவாவை வெளியில் வைத்தால் வெயில் காலத்தில் இரண்டு நாளைத் தாண்டி நான் நம்ப மாட்டேன். ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும், ஆனால் நெய் உறைந்து இறுகிவிடும், சாப்பிடுவதற்கு முன் ஒரு ஸ்பூன் பால் விட்டு லேசாகச் சூடு காட்டினால் இளகும். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைக்குப் பார்சல் அனுப்ப வேண்டும் என்றால் கடைச் சரக்கில் இறுகலாக இருப்பதையே வாங்குங்கள், அங்கே அந்தக் கூடுதல் சர்க்கரை உதவிக்கு வரும்.

இன்னொரு எல்லை, அளவு. இரண்டு லிட்டருக்கு மேல் வீட்டு வாணலியில் வைக்காதீர்கள். பால் ஆழமாக நிற்கும், சுண்ட நேரம் இழுக்கும், கை ஓய்ந்த ஒரு நிமிடத்தில் அடிப்பிடித்துவிடும், தீய்ந்த வாசனை ஏறினால் அதை எடுக்க வழியே இல்லை. வளைகாப்பு, கல்யாணம் என்று ஐம்பது பேருக்குக் கொடுக்க வேண்டும் என்றால் உள்ளூரில் பால் வாங்கித் தானே கிண்டும் கடையைப் பிடித்து, விசேஷத்தன்று காலையில் கிண்டித் தரச் சொல்லி முன்பணம் கொடுங்கள், சர்க்கரை எவ்வளவு என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.