ரீகர்வா, லாங்போவா: குறி எங்கே மாறுகிறது?

வில்வித்தையில் ரீகர்விலிருந்து (நுனிகள் முன்பக்கம் வளைந்த வில்) லாங்போவுக்கு (நீளமான, எளிய வில்) மாறியதும் குறி தவறினால், கையைக் குறை சொல்வதற்கு முன் அம்பைப் பாருங்கள். ரீகர்வின் நடுப்பகுதி ஆழமாக வெட்டப்பட்டிருக்கும். அம்பு நாணுக்கு நேராகவே நிற்கும். லாங்போவில் அந்த வெட்டு குறைவு, சிலவற்றில் இல்லவே இல்லை. அம்பு வில்லைச் சுற்றி வளைந்துதான் போயாக வேண்டும். அதனால் அதே இழுவிசைக்கு இன்னும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும் அம்பு தேவை. விறைப்பு கூடினால் வலது கைக்காரருக்கு அம்பு இடப்பக்கம் ஒதுங்கும். இதைச் சரிசெய்யாமல் எவ்வளவு பழகினாலும் பலன் குறைவுதான்.

ஒலிம்பிக் ரீகர்வில் சைட் (குறி பார்க்கும் கருவி), கிளிக்கர் (முழுதாக இழுத்ததும் ஒலி எழுப்பும் தகடு), ஸ்டெபிலைசர் (வில்லை ஆடாமல் வைக்கும் தண்டு) எல்லாம் உண்டு. 70 மீட்டரில் புள்ளிதான் முக்கியம் என்றால் மாறவே வேண்டாம். லாங்போவில் இந்தக் கருவிகள் கிடையாது. தாடைக்குக் கீழே நிறுத்திய கையை வாயோரத்துக்கு உயர்த்துங்கள். அம்பு கண்ணுக்கு அருகில் வரும். வில் லேசானது, அம்பு இலக்கைத் தொடும்வரை வில் பிடித்த கை அசையக்கூடாது. 10 மீட்டரில் தொடங்குங்கள், தூரம் அப்புறம்.

புதுச்சேரியில் பிற்பகல் கடற்காற்று லாங்போவிலிருந்து மெதுவாகப் போகும் மர அம்பை அதிகமாகவே தள்ளும். காலையில் பழகுங்கள். ஈரக்காற்றில் மரம் கோணும்; எய்வதற்கு முன் அம்பை உருட்டிப் பாருங்கள்.