பனிக்கால நீச்சல் குளம்: குழாயா, நீரா, போர்வையா – எதில் கவனம் வைப்பது?

கொல்லைப்புற நீச்சல் குளத்தைப் பனிக்காலத்துக்கு மூடிவைப்பது பற்றிப் பேச்சு எழுந்தால், எந்தப் போர்வையை வாங்கி விரிப்பது என்பதில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். கண்ணுக்குத் தெரிவது போர்வைதான் என்பதால் அதில் வியப்பில்லை. ஆனால் பெரும் செலவு வைக்கும் பழுதுகள் மண்ணுக்கடியில் ஓடும் குழாய்களிலும், பம்ப், ஃபில்டர், ஹீட்டர் ஆகியவற்றின் வயிற்றுக்குள்ளும்தான் உருவாகின்றன. நீர் உறைந்து கட்டியாகும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 சதவீதம் கூடுகிறது. திறந்த குளத்தில் அந்தப் பருமன் மேல்நோக்கி விரிய இடமுண்டு. நான்கு பக்கமும் அடைபட்ட குழாய்க்குள்ளோ பம்பின் கூட்டுக்குள்ளோ அதற்கு இடமில்லை. ஆகவே இந்த ஒப்பீட்டைக் குழாயிலிருந்தே தொடங்குகிறேன்.

குழாய்களைக் காக்க இரண்டு வழிகள் உண்டு: காற்றை ஊதி நீரை வெளியேற்றுவது ஒன்று, உறைதடுப்பு நீர்மத்தை ஊற்றி நிரப்புவது மற்றொன்று. இரண்டாவது வழி எளிதாகத் தோன்றுவதால் பலர் அதை நாடுகிறார்கள். ஆனால் குழாயில் ஏற்கெனவே தேங்கியிருக்கும் நீருடன் கலந்தவுடன் அந்த நீர்மத்தின் வலு குறைந்துவிடுகிறது. கலனின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் மைனஸ் வெப்பநிலை, நீர் கலக்காத நீர்மம் குழாயை வெடிக்க விடாமல் தாங்கும் எல்லையையே பெரும்பாலும் குறிக்கிறது. அதற்கு வெகு முன்பே அது கூழாக இறுகத் தொடங்கிவிடும். வசந்தத்தில் குளத்தைத் திறக்கும்போது அது குளத்து நீரில் கலந்தால் குளோரினையும் வீணாக விழுங்கும் என்பதால், முதலில் வரும் நீரைக் குளத்துக்குள் விடாமல் வெளியே விட வேண்டியிருக்கும். வாகனங்களுக்கான எத்திலீன் கிளைக்கால் நச்சுப்பொருள் என்பதால் அதை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது. புரொப்பிலீன் கிளைக்காலைக் கொண்டு குளங்களுக்கென்றே தயாரிக்கப்படும் வகையே ஏற்றது.

காற்றை ஊதுவது கூடுதல் உழைப்பைக் கேட்டாலும், அதுவே முதன்மை வழியாக இருக்க வேண்டும் என்பது என் முடிவு. இதிலும் ஒரு துணைப்போட்டி உண்டு. வீட்டுப் பட்டறையில் இருக்கும் சிறிய ஏர் கம்ப்ரஸர் அழுத்தத்தை அதிகமாகவும் காற்றைக் குறைவாகவும் தருவதால், அகலமான குழாயில் அந்தக் காற்று நீரைத் தள்ளாமல் அதன் முதுகின் மேல் நழுவிப் போய்விடுகிறது. அழுத்தத்தை இன்னும் கூட்டினால் இணைப்புகள் விட்டுப்போகும். மாறாக, ஊதும் வசதி கொண்ட வேக்குவம் இயந்திரமோ இதற்கான ப்ளோயரோ குறைந்த அழுத்தத்தில் ஏராளமான காற்றை அனுப்பி நீரை மொத்தமாக வெளியேற்றுகிறது. ஃபில்டரிலிருந்து நீரைக் குளத்துக்குக் கொண்டுவரும் திரும்பு குழாயின் வாயில் நீர்க்குமிழிகள் ஓய்ந்து வெறுங்காற்று சீறத் தொடங்கிய பிறகே அதை அடைப்பானால் மூட வேண்டும். அடித்தளத்து வடிகாலின் வாயை மேலிருந்தபடி அடைக்க முடியாது. ஆகவே அங்கிருந்து குமிழிகள் பொங்கி எழும்போதே வால்வை மூடிவிட்டால், உள்ளே சிறைப்பட்ட காற்று நீரை உறைபனி எட்டும் உயரத்துக்கு ஏறவிடாது. இவ்வளவும் முடிந்த பின், தாழ்வாக வளைந்திருப்பதால் முழுதும் வடியாத குழாய் ஏதேனும் இருந்தால், அதில் மட்டும் உறைதடுப்பு நீர்மத்தை ஊற்றலாம்.

குளத்தை மூடவே வேண்டாம், வெப்பநிலை உறைநிலையை நெருங்கும்போது பம்பைத் தானே ஓடவைக்கும் உறைபனிக் காவல் கருவி போதும் என்பாரும் உண்டு. ஓரிரு இரவுகள் மட்டும் உறைபனி விழும் இடங்களுக்கு இது பொருந்தும். ஆனால் அந்தக் காவல் முழுவதும் மின்சாரத்தை நம்பியிருக்கிறது. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தைத் தாக்கிய கடுங்குளிரில் மின்வெட்டு நீண்டபோது, இவ்வகைக் காவலை நம்பியிருந்த குளங்களில் பம்புகளும் குழாய்களும் வெடித்தன. மாதக்கணக்கில் உறைநிலைக்குக் கீழே கிடக்கும் நாடுகளில் இதை ஒரு மாற்று வழியாகக் கருதவே கூடாது.

அடுத்தது நீரைப் பற்றிய கேள்வி. குளத்தை முழுவதுமாக வடித்துவிட்டால் உறைவதற்கு ஒன்றுமே இருக்காதே என்ற வாதம் கேட்க நன்றாக இருந்தாலும், குளத்தைக் கெடுக்க இதைவிட விரைவான வழி இல்லை. குளத்து நீரின் எடைதான் சுற்றியுள்ள மண்ணையும் நிலத்தடி நீரையும் எதிர்த்து நிற்கிறது. அது நீங்கினால், நிலத்தடி நீர் உயரும்போது கான்கிரீட் தொட்டியே படகுபோல மேலெழும்பக்கூடும். ஃபைபர் கிளாஸ் தொட்டி அதைவிட எளிதில் எழும்பும். குளத்தின் உட்புறத்தை மூடியிருக்கும் வினைல் விரிப்பான லைனர் சுருங்கி, குளிரில் விறைத்துக் கிழியும். நீரை விட்டுவைத்தால் இயற்கையே பாதி வேலையைப் பார்த்துக்கொள்கிறது: 4 டிகிரி செல்சியஸில்தான் நீருக்கு அடர்த்தி மிகுதி என்பதால் கனத்த நீர் அடியில் தங்க, மேற்பரப்பு மட்டும் உறைந்து, அந்தப் பனிப்படலமே அடிநீருக்குக் குளிர்காப்பாகிவிடுகிறது.

எனவே எவ்வளவு நீரைக் குறைப்பது என்பதுதான் உண்மையான கேள்வி. அதற்கான விடை போர்வையின் வகையைப் பொறுத்தது. நீர் புகாத போர்வைக்கு மேற்பரப்பில் மிதக்கும் குப்பையை உள்ளிழுக்கும் ஸ்கிம்மரின் வாய்க்குச் சற்றுக் கீழே வரை இறக்கினால் போதும். அளவுக்கு மீறி இறக்கினால், நீரின் தாங்கல் இல்லாமல் பனியின் பாரம் முழுவதும் போர்வையின் மேல் விழும். வலைப் போர்வையில் மழையும் பனியுருகலும் உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதால், அதற்கு இன்னும் தாழ்வாக, 30 முதல் 45 சென்டிமீட்டர் வரைகூட, இறக்க வேண்டியிருக்கும்.

இனி போர்வைகள். நீர் நிரப்பிய பைகளை ஓரத்தில் அடுக்கி விரிக்கும் தார்ப்பாய் மிக மலிவானது. பைகள் ஒழுகுவதும் காற்றில் பாய் விலகுவதும் வாடிக்கை. அதைவிட முக்கியமாக, அதன் மேல் கால் வைத்த குழந்தையை அது தாங்காது. சிறுவர்கள் நடமாடும் வீட்டில் மலிவு என்பதற்காக இதை வாங்குவதை நான் ஏற்கமாட்டேன். தரையில் பதித்த கொக்கிகளில் இழுத்துக் கட்டப்படும் பாதுகாப்புப் போர்வைகளுக்கு அமெரிக்காவில் ஏஎஸ்டிஎம் எஃப்1346 என்ற தரநிர்ணயம் உள்ளது. பெரிய குளத்துக்கான போர்வை ஏறத்தாழ 220 கிலோ எடையைத் தாங்க வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று. இந்தப் பாதுகாப்புப் போர்வைகளில்தான் நீர் புகாத வகையும் வலை வகையும் போட்டியிடுகின்றன.

நீர் புகாத வகை ஒளியை முற்றிலும் மறைப்பதால், வசந்தத்தில் குளம் ஏறக்குறைய மூடியபோது இருந்த தெளிவுடனேயே கிடைக்கும். அதற்கு விலையாக, கனத்த துணியைச் சுமந்து விரிக்கவும், மேலே தேங்கும் நீரைச் சிறு பம்ப் வைத்து இறைக்கவும் குளிர்காலம் முழுவதும் வேலை இருந்துகொண்டே இருக்கும். அந்தச் சிறு பம்பையே வெளியில் மறந்து உறையவிட்டவர்கள் ஏராளம். வலை வகையை விரித்தபின் ஏறக்குறைய மறந்துவிடலாம். ஆனால் நுண்மண்ணும் சிறிதளவு ஒளியும் உள்ளே போவதால் அடியில் வண்டல் படியும். நீர் 15 டிகிரியைத் தாண்டி வெதுவெதுப்பாகும் வரை திறக்காமல் விட்டால் பச்சை நிறம் காத்திருக்கும். வசந்தம் பிறந்ததும் திறந்துவிடும் பழக்கமுள்ளவருக்கு வலையும், கோடை நெருங்கும்வரை தள்ளிப்போடுபவருக்கு நீர் புகாத வகையும் பொருந்தும் என்பேன். சோம்பலை மட்டும் கணக்கில் எடுத்தால் வலையே வெல்லும். நான் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

எப்போது மூடுவது என்பதிலும் இரு கட்சிகள் உண்டு. இலையுதிர்வுக்கு முன்பே மூடினால் குப்பை குறையும். ஆனால் நீர் வெதுவெதுப்பாக இருக்கையில் சுழற்சியை நிறுத்துவது பாசிக்கு விருந்து வைப்பதாகும். நீர் 15 டிகிரிக்குக் கீழே நிலைக்கும்வரை காத்திருப்பதே மேல். இடையில் திடீரென ஒரு குளிர் இரவு வந்தால் பம்பை விடியும்வரை ஓடவிட்டுச் சமாளித்துக்கொள்ளலாம். மூடும் நாளில் நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவை 7.2க்கும் 7.6க்கும் இடையில் நிறுத்த வேண்டும். பாசிக்கொல்லியில் செம்பு கலந்த வகை தளத்தில் கறை படியவிடக்கூடும் என்பதால் செம்பில்லாத பாலிக்வாட் வகையே பாதுகாப்பானது. குளோரின் வில்லைகளை மிதவையில் இட்டுப் போர்வைக்கடியில் விட்டுவிடும் பழக்கத்தை மட்டும் கைவிடலாம்: அது ஒரு மூலையில் ஒதுங்கி நின்று, அங்குள்ள லைனரை மாதக்கணக்கில் வெளுத்துக்கொண்டிருக்கும்.