காரைக்குடி நாட்டு மருந்துக் கடையின் பித்தவெடிப்புக் களிம்பு

காரைக்குடியில் ஒரு நாட்டு மருந்துக் கடையில், தேன்மெழுகு, குங்கிலியம், நல்லெண்ணெய் ஆகியவற்றைக் காய்ச்சிச் செய்த பித்தவெடிப்புக் களிம்பு சிறு டப்பாவில் கிடைக்கிறது. உள்ளங்காலில் எண்ணெய்ச் சுரப்பிகள் இல்லாததாலும், முற்றத்திலும் வளவிலும் நாள் முழுவதும் வெறுங்காலுடன் நடப்பதாலும் குதிகால் தோல் தடித்து, வறண்டு, பிளக்கிறது. அத்தோலின் ஈரம் வெளியேறாமல் மூடிக் காப்பதே இக்களிம்பின் வேலை, அதை நன்றாகவே செய்கிறது. இரவில் வெதுவெதுப்பான நீரில் காலைச் சற்று ஊறவைத்து, கால் தேய்க்கும் கல்லால் மெல்லத் தேய்த்து, ஈரம் முற்றிலும் உலரும் முன்பே பூசிப் பருத்திக் காலுறை அணிந்தால் பலன் கூடுதலாகத் தெரிகிறது. காலுறையின்றி நடந்தால் வழுக்கும், பிசுக்கும் படியும். ஆத்தங்குடித் தளத்தைக் கண்ணாடிபோல் காக்கும் ஆச்சிமார் கவனிக்க வேண்டும்.

காய்த்துப்போன தோலை இளக்கி உரிக்கும் ஆற்றல் இதற்குக் குறைவு. அதற்கு மருந்தகங்களில் கிடைக்கும் 25 சதவீத யூரியா களிம்பே மேல் என்பது என் கணிப்பு. வெடிப்பில் இரத்தம் கசிந்தாலோ சர்க்கரை நோய் இருந்தாலோ இரண்டையும் விட்டு மருத்துவரிடம் காட்டுவதே முறை. டப்பாவில் சேர்மானங்களின் அளவோ தயாரித்த தேதியோ இல்லாதது பெருங்குறை. மார்கழியில் களிம்பு இறுகிவிடும். டப்பாவை வெந்நீரில் சற்றே வைத்தால் இளகிவிடும்.